ஹருமி கேட்ட கெண்டி

பெட்டியைத் திறந்ததும் ஹருமி முதலில் வெளியே எடுத்தது, துவாலையில் சுற்றிய ஒரு பொட்டலம். தூக்கும்போதே உள்ளே சில்லுகள் உரசும் சத்தம் கேட்டது. கூடத்துத் தரையில் உட்கார்ந்து துவாலையை மடிப்பு மடிப்பாக விலக்கினாள். தேநீர் ஊற்றும் சாம்பல் நிற மண் கெண்டி ஒன்று, மூக்கு தனியாகவும் வயிறு மூன்று துண்டாகவும் கிடந்தது. கைப்பிடி மட்டும் முழுசாக இருந்தது. ஹருமி வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். கண்கள் சிரிக்கவில்லை. பிறகு ஒரு சில்லுகூடக் கீழே விழாதபடி துவாலையை மறுபடி மடித்துத் தன் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"பிளேன்ல ஏத்தி இறக்குறவய்ங்க தூக்கி எறிஞ்சிருப்பாய்ங்க," என்றார் உபகாரசாமி மகளிடம். "பரவாயில்லைன்னு சொல்லு அனிதா, உங்க அண்ணிகிட்ட."

வியாகுலம்மாள் அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்றாள். அண்ணி என்ற சொல்லைத் தன் வீட்டுக்காரர் எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று இருந்தது அவளுக்கு.

போன வருசம் சனவரி பதினேழாம் தேதி விடியற்காலையில் ஜப்பானில் கோபே நகரத்தைப் பூகம்பம் குலுக்கிப் போட்டபோது அவள் மகன் சாலமன் செத்துப்போனான். அங்கே பம்பு செய்கிற கம்பெனியில் நாலு வருசமாக வேலை பார்த்தவன். வேலைக்குக் கிளம்ப மாடியிலிருந்து கீழே இறங்கிவந்த நேரம், கீழ்த்தளம் அப்படியே நசுங்கிவிட்டது. மாடியில் இருந்த அவன் மனைவி ஹருமியை மத்தியானம் உயிரோடு வெளியே இழுத்தார்கள். அவர்கள் பதிவுத் திருமணம் செய்து அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சாலமனை அந்த ஊர் வழக்கப்படி எரித்து, சாம்பலில் ஒரு பங்கை அனுப்பிவைத்தார்கள். அதைத்தான் காரைக்குடிக் கல்லறையில் புதைத்து, மேலே சிலுவை நட்டிருந்தது. முதலாண்டுப் பூசைக்கு வரலாமா என்று கேட்டு ஹருமி ஆங்கிலத்தில் கடிதம் போட்டாள். உபகாரசாமி யாரையும் கேட்காமல், மகளைக்கூடக் கேட்காமல், வாம்மா என்று தன் மின்வாரிய ஆங்கிலத்தில் பதில் எழுதிவிட்டார்.

இப்போது வந்துவிட்டாள். மெலிந்த, வெளுத்த பெண். காது மறைய வெட்டிய முடி. வாசலில் ஏறும்போது செருப்பைக் கழற்றி, முனை தெருவைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, "அம்மா," என்று சொல்லி இடுப்பு வளையக் குனிந்தாள். அந்த ஒரு தமிழ்ச் சொல்லும், அப்பா என்ற இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்திருந்தன. மற்றதெல்லாம் அனிதா வழியாகத்தான். அனிதா பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர்.

பெட்டியிலிருந்து தேயிலை டப்பா வந்தது. சாலமனின் கைக்கடிகாரம் வந்தது. அதை உபகாரசாமி வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு தோள்பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை ஹருமி எடுத்தாள், என்னமோ நினைத்து மறுபடி உள்ளே வைத்துவிட்டாள். அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. உறைக்குள் மடித்த நீலத்தாள். ஏரோகிராம். மேலே தெரிந்த இங்கிலீஷ் விலாசம், கோணல் மாணலாக, எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியது, தன் கையால் எழுதியது என்று வியாகுலம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

அவள் அடுப்படிக்குள் திரும்பிக்கொண்டாள்.

சாலமனின் திருமணச் செய்தி கிறிஸ்துமசுக்கு முந்தி வந்தது. சனவரி பதினொன்றாம் தேதி டிக்கெட் போட்டிருப்பதாகவும், பத்து நாள் இருக்கப்போவதாகவும், ஹருமியைக் கூட்டிவருவதாகவும் எழுதியிருந்தான். உபகாரசாமி ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள், சரி வாங்க என்று பதில் போட்டார். வியாகுலம்மாள் அவருக்குத் தெரியாமல் தபாலாபீசுக்குப் போய் ஒரு ஏரோகிராம் வாங்கி, அங்கேயே பசைக் கிண்ணம் வைத்திருந்த மேசையில் நின்றுகொண்டு எழுதினாள். அவனுக்கென்று இளையாத்தங்குடிப் பக்கம் பேசிவைத்திருந்த பெண் வீட்டார் முகத்தில் எப்படி முழிப்பது என்கிற ஆத்திரம். எழுதி ஒட்டிப் பெட்டியில் போட்டாள். பதினைந்து நாள் கழித்துச் சாலமன் போனில் அப்பாவிடம், "லீவு கிடைக்கலப்பா, ஏப்ரல்ல வாரோம்," என்றான். அவளிடம், "முழங்கால் வலி எப்படி இருக்கும்மா?" என்று கேட்டான். கடிதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடுத்த வாரம் அவன் இல்லை.

அந்தக் கடிதத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டபோதுகூட, 'மகனைக் கோபத்தில் கடிந்துகொண்டேன்' என்று மட்டும் சொன்னாள். சாமியார் மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார்.

அன்று சாயங்காலமே ஹருமி தேநீர் போட வேண்டும் என்றாள். சாலமன் ஊருக்குப் போனதும் அம்மாவுக்கு இந்தத் தேநீரைத்தான் முதலில் போட்டுக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பானாம். அம்மா முகத்தைச் சுளிப்பாள், ஆனால் முழுசாகக் குடித்துவிடுவாள் என்பானாம். அனிதா இதைச் சொல்லும்போது உபகாரசாமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டில் இருந்தது பால் காய்ச்சும் அலுமினியப் போணியும், ஒரு எவர்சில்வர் கெட்டிலும். ஹருமி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். கெட்டிலில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். மெதுவாகத் தலையை ஆட்டினாள். தரமாட்டேன் என்று எல்லாவற்றையும் முற்றத்துத் துளசிச் செடியடியில் கொட்டிவிட்டாள்.

"கசக்குதாம். இலை பாழாப் போச்சுன்னு சொல்றாக," என்றாள் அனிதா. "இதுல கொடுத்தா அண்ணனுக்குக் கொடுத்த மாதிரி இருக்காதாம்."

"முனீஸ்வரன் கோவில் தெருவுக்குக் கூட்டிட்டுப் போ," என்றார் உபகாரசாமி. "செட்டியார் வீடுகள்ல இடிச்சு எடுத்த சாமானெல்லாம் அங்குட்டுத்தான கெடக்கு. பர்மாவுலருந்தும் பினாங்குலருந்தும் எம்புட்டோ பீங்கான் வந்திருக்கு. ஒரு கெண்டி கிடைக்காமலா போயிரும்?"

"நானும் வாரேன்," என்றாள் வியாகுலம்மாள்.

முழங்கால் வலிக்காரி, பூசைக்குக்கூட ஆட்டோவில் போகிறவள், சாமான் வாங்க வருகிறேன் என்றதும் அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மருமகளிடம் மனசு இளகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அவளுக்கோ வேறு கணக்கு. ஹருமியையும் அனிதாவையும் தனியே விட்டால், வழியில் எங்காவது அந்த உறை வெளியே வரும். இதில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல் என்று ஹருமி கேட்பாள். அனிதா படிப்பாள்.

மறுநாள் கிளம்பினார்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. வெள்ளையடிக்க வீடுகளை ஒழித்துப்போட்ட சாமான்கள் எல்லாம் கடைகளில் வந்து குவிந்திருந்தன. தெருவரைக்கும் மரத்தூண்கள், பித்தளை அண்டாக்கள், கண்ணாடி போன படச்சட்டங்கள். செம்மலையின் கடையில் நடக்கவே இடமில்லை. அவர் உபகாரசாமிக்குத் தெரிந்தவர். கடைக்கு மின்சாரம் வாங்கிக்கொடுத்ததே உபகாரசாமிதான்.

"வாங்கம்மா. இவுக யாரு, வெளிநாட்டுக்காரகளா?"

வியாகுலம்மாள் வாயைத் திறப்பதற்குள், "எங்க அண்ணி. சாலமன் அண்ணன் வீட்டம்மா," என்றாள் அனிதா.

 செம்மலை தோள்துண்டால் ஒரு முக்காலியைத் துடைத்து ஹருமியின் முன்னால் வைத்தார். அவள் உட்காராமல், அதை வியாகுலம்மாள் பக்கம் நகர்த்திவைத்தாள்.

கெண்டி என்றதும் செம்மலை கடைப்பிள்ளைகளைப் போல ஓடி ஓடி எடுத்துவந்தார். ரோசாப்பூப் போட்ட சீமைப் பீங்கான் ஒன்று, எட்டுப் பேருக்கு ஊற்றலாம். அழகு என்று ஹருமி கையால் காட்டினாள், ஆனால் வயிற்றைத் தட்டி, பெரிது என்றாள். நீல எனாமல் கெண்டி ஒன்று வந்தது. மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டு, எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிந்த இடத்தைக் காட்டினாள். பித்தளைக் கெண்டியை வாங்கவே இல்லை. அனிதா கேட்டு அவ்வப்போது சொல்லிக்கொண்டிருந்தாள்: "உலோகம் ஆகாதாம்மா. வாடை ஏறிருமாம். பெரிசா இருந்தா உள்ள தண்ணி நின்னு இலை ஊறிக்கிட்டே கெடக்குமாம், அடுத்த தடவை கசக்குமாம். கடைசிச் சொட்டு வரைக்கும் வடியிற மாதிரி சின்னதா வேணுமாம்."

"ஒரு டீத்தண்ணிக்கு இம்புட்டா?" என்றாள் வியாகுலம்மாள். சொன்னபிறகுதான், மகன் நாலு வருசம் இப்படித்தான் டீ குடித்திருக்கிறான், தனக்கு அது தெரியாமலே போயிற்று என்று உறைத்தது.

பின்கட்டுக்குப் போன செம்மலை, கையில் ஒன்றை மறைத்தபடி வந்தார். "இது என்னமோ சாதி கெட்டதா இருக்குன்னு ஒதுக்கிப் போட்டிருந்தேன். இதுவா பாருங்க."

செங்கல் நிற மண் கெண்டி. கையளவு. கைப்பிடி பின்பக்கம் வளையாமல், கரண்டிக் காம்பு போலப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. ஹருமி 'ஆ' என்று ஒரு சின்னச் சத்தம் போட்டாள். தோள்பை இடைஞ்சலாக இருந்ததால் அதைக் கழற்றி, யோசிக்காமல் வியாகுலம்மாளின் மடியில் வைத்துவிட்டு, கெண்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வெளிச்சத்துக்குப் போனாள். அனிதாவும் செம்மலையும் பின்னால் போனார்கள்.

பை மடியில் கனத்தது. ஜிப் பாதி திறந்திருந்தது.

வியாகுலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று பேரும் வாசல் பக்கம், இவளுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். கை உள்ளே போயிற்று. கைக்குட்டை, பாஸ்போர்ட், பிளாஸ்டிக் உறை. இழுத்தாள். இடுப்பில் செருகிக்கொண்டால் முடிந்தது. வீட்டுக்குப் போய் அடுப்பில் போட்டால் சாம்பல். எங்கேயோ தவறிவிட்டது என்று அந்தப் பெண் நினைத்துக்கொள்ளும்.

உறை பாதி வெளியே வந்தபோது தாளின் ஓரம் கண்ணில் பட்டது. மடிப்பு நெடுகச் சேறு ஊறிக் காய்ந்த பழுப்பு. ஒரு மூலை கிழிந்து, உள்ளிருந்து மெல்லிய தாள் வைத்து ஒட்டியிருந்தது. இடிந்த வீட்டுக்குள் கையைவிட்டுத் தேடி, இதை எடுத்து, கழுவி, காயவைத்து, ஒட்டியிருக்கிறாள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே.  வியாகுலம்மாள் உறையைத் திரும்ப உள்ளே தள்ளி, ஜிப்பை இழுத்து மூடினாள்.

வாசலில் ஹருமி கெண்டிக்குள் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள். மலர்ந்திருந்த முகம் வாடியது. செம்மலையிடம் நீட்டினாள்.

"எண்ணெய் வாடை," என்றாள் அனிதா.

"ஆமா, இது கெடந்த செட்டியார் வீட்டுல இதை வெளக்குக்கு நல்லெண்ணெய் ஊத்த வச்சிருந்தாக. அதனால என்ன?" என்றார் செம்மலை.

"புளி போட்டு, சாம்பல் போட்டுத் தேய்ச்சா எல்லாம் போயிரும்," என்று வியாகுலம்மாள் முக்காலியிலிருந்தே சொன்னாள். சீக்கிரம் வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. "அதையே வாங்கச் சொல்லு."

அனிதா கேட்டுவிட்டுச் சொன்னாள்: "உள்ள பூச்சு இல்லாத மண்ணாம்மா. ஊத்துனதைக் குடிச்சு வச்சுக்குமாம். என்ன செஞ்சாலும் போகாதாம்."

கடைசியில் ஹருமி எடுத்ததை யாரும் காட்டவில்லை. ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் அவளே கண்டெடுத்தாள். வெள்ளைப் பீங்கான், கழுத்தில் ஒரு நீலக்கோடு, சாதாரண வளைந்த கைப்பிடி. மூடி வேறொரு கெண்டியின் மூடி. நிறமே கொஞ்சம் மஞ்சள். ஹருமி ஒரு செம்புத் தண்ணீர் கேட்டாள். தெருவோரம் குந்தி உட்கார்ந்து, நிரப்பி, ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் வில்லாக வளைந்து விழுந்தது. நிறுத்தியபோது மூக்கிலிருந்து ஒரு சொட்டுக்கூடப் பின்னால் வழியவில்லை. மூடியை விரலால் அழுத்திக் கவிழ்த்தாள், ஆடவில்லை. உள்ளே மூக்கடியில் இருந்த துளைகளை எண்ணினாள். பிறகு அம்மா என்று கூப்பிட்டு, வியாகுலம்மாளின் கையில் அதைக் கொடுத்தாள், நீயும் பார் என்பதுபோல. எடை அதிகமில்லை. வியாகுலம்மாள் தலையாட்டினாள்.

அன்று மாலை கூடத்தில் பாய் விரித்து நாலு பேரும் உட்கார்ந்தார்கள். ஹருமி கொதித்த தண்ணீரை ஒரு தம்ளரில் ஊற்றி, இன்னொன்றுக்கு மாற்றி, மறுபடி மாற்றினாள்.

"நம்ம ஆத்துற மாதிரியே," என்றார் உபகாரசாமி சந்தோசமாக.

சூடு தணிந்ததும் இலைமேல் ஊற்றி, மூடி, பேசாமல் காத்திருந்தாள். நாலு தம்ளரிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி ஊற்றினாள். கடைசிச் சொட்டு விழும்வரை கெண்டியைக் கவிழ்த்தே பிடித்திருந்தாள். முருங்கைக்கீரை வேகவைத்த தண்ணீரைப் போல ஒரு பச்சை. வியாகுலம்மாள் வாயில் வைத்தாள். கீரை வாசனை, அதன் பின்னால் ஒரு மெல்லிய இனிப்பு. அவள் முகம் சுளிக்கவில்லை. முழுதும் குடித்தாள். ஹருமி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பையை இழுத்து, உறையை எடுத்து, நீலத்தாளை இரண்டு கையாலும் வியாகுலம்மாளின் முன்னால் வைத்தாள்.

அனிதா மொழிபெயர்த்தாள். "இது உங்க கையெழுத்துன்னு தெரியும்னு சொல்றாக. கடுதாசி வந்த அன்னைக்கு என்ன எழுதிருக்குன்னு அண்ணன்கிட்டக் கேட்டாகளாம். அம்மாவுக்கு முழங்கால் வலின்னு மட்டும் அண்ணன் சொல்லுச்சாம். அங்க தமிழ் தெரிஞ்சவக இருக்காக, யாருகிட்டயும் காட்டலையாம். எழுதினவக வாசிச்சுக் கேக்கணும்னு வச்சிருந்தாகளாம்."

"நீ கடுதாசி போட்டியா?" என்றார் உபகாரசாமி. "எப்ப?"

வியாகுலம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். தாளைப் பிரித்து, தன் முகத்துக்கு நேராக, மற்றவர் கண்ணில் படாதபடி பிடித்தாள். எழுத்துகள் பாதி கரைந்திருந்தாலும் ஒவ்வொரு வரியும் மனப்பாடம். வாயில் வேறு வரிகள் வந்தன.

"அன்பு மகன் சாலமனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். அவளையும் கூட்டிக்கொண்டு அவசியம் வா. மாடி அறையை ஒழித்து வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் இரண்டு பேரையும் பார்க்க ஆசையாக இருக்கிறது."

அனிதா வரிக்கு வரி சொல்லிக்கொண்டே வந்தாள். உபகாரசாமியின் கண் கலங்கியது. "எங்கிட்டச் சொல்லவே இல்லையே நீ," என்று மனைவியை அவர் பார்த்த பார்வையில் அத்தனை பிரியம் இருந்தது. முப்பத்தைந்து வருசத்தில் அப்படி அவர் பார்த்தது குறைவு.

ஹருமி அசையவில்லை. கேட்டு முடித்ததும் மெதுவாக, ஒரே குரலில் ஏதோ சொன்னாள். அனிதா திகைத்துப்போய், திரும்பச் சொல்லச் சொன்னாள். ஹருமி சொன்னாள். பிறகு பாயிலிருந்து பின்னால் நகர்ந்து, வெறும் தரையில் இரண்டு கையையும் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தாள்.

"என்னடி? என்ன சொல்லுது?"

"அண்ணி பயந்துச்சாம்மா," என்றாள் அனிதா. "உங்களுக்கெல்லாம் தன்னைப் பிடிக்காமப் போயிருமோன்னு பயந்து, இப்ப வேணாம், ஏப்ரல்ல போவோம்னு அண்ணன்கிட்டச் சொல்லுச்சாம். அண்ணன் சரின்னு டிக்கெட்டை மாத்திருச்சாம். தன் பேச்சைக் கேட்டுத்தான் மாத்துச்சா, இல்ல இந்தக் கடுதாசியில வரவேணாம்னு எதுவும் இருந்துச்சான்னு ஒரு வருசமா யோசிச்சுச்சாம். இப்பத் தெரிஞ்சுபோச்சாம். நீங்க கூப்பிட்டிருக்கீக, தான்தான் போகவிடாமப் பண்ணிட்டேன்னு... மன்னிச்சுக்கச் சொல்றாகம்மா."

ஹருமியின் வெட்டிய முடி தரையில் பரவிக்கிடந்தது. தோள்கள் ஆடின, சத்தம் வரவில்லை.

"ஐயோ, எந்திரி," என்றாள் வியாகுலம்மாள். "எந்திரிக்கச் சொல்லு அதை. அனிதா, எந்திரிக்கச் சொல்லு. நான் வாசிச்சது பொய்யி."

உபகாரசாமி தம்ளரைக் கீழே வைத்தார்.

"பொய்யின்னு சொல்லுறேன்ல. அதுல அப்படி இல்லை. இந்தா." தாளை மகளின் மடியில் எறிந்தாள். "நீ படி."

அனிதா படித்தாள். சின்னக் கடிதம்தான். படித்து முடித்தபின் அவள் முகத்தை வியாகுலம்மாளால் பார்க்க முடியவில்லை.

"சத்தமா வாசி," என்றார் உபகாரசாமி.

"வேணாம்ப்பா."

"வாசி."

அனிதா வாசித்தாள். "சாலமன், நீ வருவதானால் தனியாக வா. அவளைக் கூட்டிக்கொண்டு இந்த வாசலில் கால் வைத்தாயானால், நான் பெற்ற மகன் செத்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன். அம்மா."

ஹருமி தலையைத் தூக்கி, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை எப்படிம்மா நான் இங்கிலீஷ்ல சொல்லுவேன்?" என்றாள் அனிதா அழுதுகொண்டே.

"இருக்கறபடி சொல்லு. ஒரு சொல்லு விடாம சொல்லு. அது பேருல ஒரு குத்தமும் இல்லைன்னு சொல்லு. நான்தான்னு சொல்லு."

அனிதா சொல்ல ஆரம்பித்தாள். ஹருமி கேட்டாள். கேட்டு முடித்து, கெண்டியின் மூடியைச் சரியாக வைத்தாள். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: கடைசி வரியை இன்னொரு முறை சொல்ல முடியுமா? அனிதா சொன்னாள்.

"கடுதாசி வந்த அன்னைக்கு ராத்திரி அண்ணன் தூங்கலையாம்," என்றாள் அனிதா. "வயித்து வலின்னுச்சாம். ஒரு வருசமா நான்தான் காரணம்னு நினைச்சுக்கிட்டே எந்திரிச்சேன், படுத்தேன், இனிமே எதை நினைக்கிறதுன்னு தெரியலைன்னு சொல்றாக."

ஹருமி நீலத்தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து உறையில் போட்டாள். எழுந்து, யாரையும் பார்க்காமல், மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உபகாரசாமி சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். படியில் நின்று, திரும்பாமல் சொன்னார்: "லீவு கிடைக்கலைன்னு எங்கிட்டச் சொன்னான். கடைசி வரைக்கும் உன்னயக் காட்டிக்கொடுக்கலை." அதன்பிறகு அவளிடம் அவர் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிடுவார், போய்விடுவார்.

பொங்கல் வந்து போயிற்று. பக்கத்து வீட்டுக் கதிரவன் குடும்பம் கொடுத்தனுப்பிய பொங்கலும் கரும்பும் அடுப்படியில் அப்படியே இருந்தன. ஹருமி காலையில் இறங்கிவருவாள், "அம்மா," என்று குனிவாள், கொடுத்ததைச் சாப்பிடுவாள், மாடிக்குப் போய்விடுவாள். அந்தக் குனிதலில் குறையில்லை, ஆனால் கண் மட்டும் வியாகுலம்மாளின் முகத்துக்கு வராது. திட்டியிருந்தால் தேவலை என்று வியாகுலம்மாளுக்கு இருந்தது. ஊரில் ஒரு மருமகள் என்றால் இந்நேரம் தெருவே கூடும்படி கத்தியிருப்பாள், இவளும் பதிலுக்கு மாரில் அடித்துக்கொண்டு அழுதிருப்பாள். மண்ணை அள்ளித் தூற்றினால் வாங்கிக்கொள்ளலாம். ஒன்றும் செய்யாதவளிடம் எதை வாங்கிக்கொள்வது?

பதினேழாம் தேதி காலை பூசைக்கு முன்னால், சாமியாரிடம் அவள் மறுபடி முழந்தாளிட்டாள். இந்த முறை கடிதத்தை வார்த்தைக்கு வார்த்தை சொன்னாள்.  பாவம் மன்னிக்கப்பட்டது என்று அவர் சொன்னார். பூசையில் நன்மை அப்பம் வாங்க எல்லோரும் பீடத்துக்கு வரிசையில் போனபோது அவளும் எழுந்தாள். இரண்டடி வைத்துவிட்டு, வந்து உட்கார்ந்துவிட்டாள். கல்லறையில் உபகாரசாமி மெழுகுதிரி ஏற்றினார். ஹருமி ஊதுபத்தி ஏற்றிச் சிலுவையடியில் செருகி, கைகூப்பி, மற்றவர்கள் செபம் முடிந்து போனபிறகும் நின்றாள். வியாகுலம்மாள் நாலடி தள்ளி நின்றாள். கிட்டப் போகவும் தைரியமில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை.

மறுநாள் ஹருமி கிளம்பினாள். மதுரைவரை பஸ், அங்கிருந்து விமானம். அனிதா கூடப்போய் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு. பஸ் ஸ்டாண்டில் பெட்டியை ஏற்றி முடித்து, உபகாரசாமி ஹருமியின் நெற்றியில் சிலுவை வரைந்தார். டிரைவர் ஹாரன் அடித்தபோது வியாகுலம்மாள் பஸ்ஸில் ஏறி, மகளின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"நீ இறங்கு. நான் போயிட்டு வாரேன்."

"உனக்கு அவுக பேசுறது புரியாதேம்மா. மூட்டு வலியோட எப்படி..."

"எனக்குத் தெரியும். இறங்கு."

ஹருமியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் குன்றக்குடியைத் தாண்டிற்று. திருப்பத்தூரில் நின்று கிளம்பிற்று. ஹருமி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். வியாகுலம்மாள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி இருந்தாள்.

திருப்பத்தூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஹருமி பேசத் தொடங்கினாள். இங்கிலீஷ் இல்லை, தன் சொந்தப் பாஷையில். முதலில் மெதுவாக, சன்னலைப் பார்த்தபடி. பிறகு இவள் பக்கம் திரும்பி, முகத்துக்கு நேராக. குரல் உயர்ந்தது. கையை மடியில் அடித்து அடித்துப் பேசினாள். முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நடுவில் சாலமன் என்ற பேர் மட்டும் வந்து வந்து போயிற்று. கண்ணீர் தாடையில் இறங்கியதை அவள் துடைக்கவில்லை. திட்டுகிறாளா, நடந்ததைச் சொல்கிறாளா என்று வியாகுலம்மாளுக்குத் தெரியவில்லை. எதுவானாலும் தனக்குத்தான் என்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். இத்தனை நாளில் முதல்முறையாக அந்தக் கண்கள் அவள் முகத்தின்மேல் இருந்தன.

ஹருமி பேசி ஓய்ந்து, மூச்சு வாங்கினாள்.

வியாகுலம்மாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "அவன் பெறந்தது ஒரு கார்த்திகை மாசம்," என்று தமிழில் தொடங்கினாள். "அன்னைக்கு விடாத மழை. ரெண்டு நாளா வலி..."

ஹருமி கேட்டுக்கொண்டே வந்தாள். மேலூர் தாண்டியும் வியாகுலம்மாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.